பழைய கம்பளமா, ஜமுக்காளமா? விலை பேசும் முன் புரட்டிப் பாருங்கள்

சித்தூர், நகரி, பலமநேர், குடியாத்தம் என்று தமிழ்நாடு-ஆந்திரா எல்லைக்கு இரண்டு பக்கமும் பழைய வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் விரிப்புகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். முதலாவது பருத்தி ஜமுக்காளம். தெலுங்கு கலந்து பேசுகிற வீடுகளில் ஜம்கானா என்பார்கள். இதில் மேலே ரோமம் கிடையாது, பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) மட்டும்தான். இரண்டாவது, ஆடு மேய்க்கும் குருபர்கள் கறுப்பு ஆட்டு ரோமத்தில் நெய்யும் முரட்டுக் கம்பளி. தெலுங்கில் கொங்கடி. மூன்றாவது, பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு நெய்த ரத்தினக் கம்பளம்.

இந்த வகையை முதலில் தெரிந்துகொள்ளச் சொல்வது சும்மா இல்லை. மூன்றுக்கும் எமன் வேறு வேறு. ரோமக் கம்பளத்தை அந்துப்பூச்சி தின்னும். பருத்தி ஜமுக்காளத்தை அந்து சீண்டாது, ஆனால் ஈரமும் கரையானும் ராமபாணப் பூச்சியும் எலியும் விடாது. கொங்கடிக்கு இரண்டு பக்கமும் இடி. ரோமம் அந்துக்கு ஆகும், பாவுக்குப் போடும் புளியங்கொட்டைக் கஞ்சி மற்ற பூச்சிக்கு ஆகும். எதை வாங்குகிறோம் என்று தெரிந்தால்தான் எங்கே தேட வேண்டும் என்று தெரியும்.

கடைக்காரர் சொல்லும் ஊர்ப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்தில் கம்பள நெசவு இருந்தது உண்மை. ஆந்திராவில் உள்ள ஏலூரில் பாரசீகத்திலிருந்து வந்த நெசவாளர்கள் வழியாக இந்தத் தொழில் ஊன்றியது என்பார்கள். 1851ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சி வரை ஏலூர்க் கம்பளம் போயிருக்கிறது. மசூலிப்பட்டினம், வாலாஜாபேட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து அய்யம்பேட்டை எல்லாம் பெயர் பெற்ற இடங்கள். வேலூர் ஜெயிலிலும் கைதிகளை வைத்து நெய்தார்கள். அதனாலேயே பழசாகத் தெரிகிற எல்லாவற்றையும் 'வேலூர் ஜெயில் கம்பளம்' என்று விற்பதும் நடக்கிறது. முத்திரை, பழைய ரசீது, குடும்பத்தில் கைமாறிய விவரம் என்று எதுவும் இல்லையென்றால் அந்தப் பெயருக்குத் தனி விலை தராதீர்கள். 'பெர்ஷியன்' என்பதும் பல நேரம் டிசைனின் பெயர்தான். நெய்த இடம் உத்தரப் பிரதேசத்து பதோஹியாக இருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை, பதோஹி விலைக்குக் கிடைத்தால் சரி.

தேடும் காலம் ஒன்று சொல்லலாம். போகிக்கு முந்தின இரண்டு வாரம். பரண் சுத்தம் செய்யும்போது நல்ல ஜமுக்காளமே குப்பையோடு வெளியே வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையும் அப்போதுதான் முடிந்திருக்கும், ஈரத்தால் வந்த கெடுதல் ஒளியாமல் தெரியும். பழைய கல்யாண மண்டபங்கள் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறும்போது மொத்தமாக விற்கிற ஜமுக்காளமும் பார்க்க வேண்டியது. கொஞ்சம் பயணம் செய்ய முடிந்தால் பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு.

பார்க்கும் முறை

கடைக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாச் சிவப்பும் அழகு. விரிப்பை வாசலுக்குக் கொண்டுவந்து, காலை பத்து மணிக்குள் வெயிலில் விரிக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு 12 அங்குல ஸ்கேல், வெள்ளைக் கைக்குட்டை இரண்டு, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், இஞ்ச் டேப் இருந்தால் போதும்.

விரித்தவுடன் செய்ய வேண்டியது, புரட்டிப் போடுவது. மேல்பக்கத்தைத் துவைக்கலாம், சீவலாம், சாயம் தடவலாம். பின்பக்கத்தில் அவ்வளவு வேலை யாரும் செய்வதில்லை.

முடிச்சுப் போட்டு நெய்ததில் மேலே இருக்கிற பூவும் கொடியும் பின்னாலும் அதே தெளிவோடு இருக்கும். பின்னால் ஒரு துணி ஒட்டியிருந்தால் அது துப்பாக்கி மாதிரியான கருவியால் நூலைக் குத்தி, ரப்பர் பசையால் பிடிக்கவைத்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்தப் பசை மாவாக உதிரும். கம்பளத்தை எடுத்தால் தரையில் மஞ்சள் நிறத் தூள், கூடவே ரப்பர் நாற்றம். இதைப் பழசு என்று வாங்கவே கூடாது. மெஷினில் நெய்ததில் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும், இரண்டு முனையிலும் உள்ள குஞ்சம் தனியாகத் தைத்திருக்கும். கைநெசவில் குஞ்சம் என்பது பாவு நூலின் நீட்சி. ஒரு குஞ்ச நூலைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே உள்ளே தொடர்ந்து போனால் அது கம்பளத்துக்குள் நுழைய வேண்டும். தையலில் முட்டி நின்றால் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து ஸ்கேலைப் பின்பக்கம் படுக்க வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை முடிச்சு என்று எண்ணுங்கள். பிறகு நெட்டுவாக்கில் எண்ணிப் பெருக்குங்கள். ஒரு முடிச்சு இரண்டு பாவு நூலைச் சுற்றுவதால் சில கம்பளங்களில் ஒரே முடிச்சு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புடைப்பாகத் தெரியும். அதை இரண்டென்று எண்ணிவிட்டால் கணக்கு இரட்டிப்பாகும், விலையும்தான். ஒரு நிறம் மட்டும் தனியாக நிற்கிற மெல்லிய கோட்டைப் பார்த்தால் ஒரு முடிச்சின் உண்மையான அகலம் பிடிபடும். அகலத்தில் 8, நீளத்தில் 9 என்றால் சதுர அங்குலத்துக்கு 72. இது 9க்கு 12 அடிக் கம்பளமானால் 11 லட்சத்துக்கு மேல் முடிச்சு. ஒருவர் நாளுக்கு 6,000 முடிச்சு போட்டால் சுமார் 187 நாள் வேலை. எண்ணிக்கை கூடினால் விலை கூடலாம் என்பது நுணுக்கமான பூவேலைக்குத்தான் பொருந்தும். பெரிய கட்டங்களும் கோணங்களுமாக இருக்கும் மலைவாசி டிசைனுக்கு 50, 60 முடிச்சே போதும், அதற்காகக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

பாவின் பலம்தான் இருப்பதிலேயே முக்கியம். பெரும்பாலான கம்பளத்தில் பாவு பருத்தி. மாதக்கணக்கில் ஈரம் கண்டிருந்தால் பூசணம் அந்தப் பருத்தியை உள்ளேயே தின்றுவிடும். மேலே ரோமம் பளபளவென்று இருக்கும், உள்ளே எலும்பு இருக்காது. பூந்தொட்டி வைத்திருந்த வட்டமும் கதவோரமும் சுவரோரமும்தான் சந்தேக இடங்கள். அந்த இடத்தை இரண்டு கையிலும் நாலு விரல் அகலத்துக்குப் பிடித்து, பின்பக்கம் உள்ளே மடியும்படி மெதுவாக வளையுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். அப்பளம் நொறுங்குகிற மாதிரி 'சடசட' என்று கேட்டால் அங்கே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் மடக்கினால் கிழியும். அந்தச் சத்தம் ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் வந்தால் ரஃபூவுக்கு, அதாவது நூல் கோத்துச் சேதத்தை அடைக்கும் வேலைக்கு, தள்ளுபடி கேட்கலாம். பல இடத்தில் வந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது மேல்பக்கம். இரண்டு கட்டைவிரலாலும் ரோமத்தைத் தலையில் வகிடெடுப்பது மாதிரி பிரித்து அடி வரை பாருங்கள். இயற்கையாகப் பழசானதில் நுனியில் வெளுப்பும் அடியில் ஆழ்ந்த நிறமும் இருக்கும், இடையில் நிறம் படிப்படியாக இறங்கும். நுனி வெளுத்து, சட்டென்று ஒரு கோட்டுக்குக் கீழே கத்தரிப்பூவோ கடும் ஆரஞ்சோ தெரிந்தால் அது வெளுக்கும் மருந்து போட்டது, அல்லது சீக்கிரம் மங்குகிற பழைய ரசாயனச் சாயம். ரசாயனச் சாயமே 1856க்குப் பிறகு வந்தது என்பதால், அதைக் கண்டால் 'முந்நூறு வருஷம்' என்கிற பேச்சும் அங்கேயே முடிந்தது. நீலச் சாயமான அவுரியின் செயற்கை வகை கடைக்கு வந்தது 1897ல்.

நல்ல வயசுக்கு ஓர் அடையாளம் கறுப்பு, கரும்பழுப்பு நிறத்தில் இருக்கிறது. இரும்புச் சத்து சேர்த்துச் சாயம் போட்ட ரோமம் காலப்போக்கில் அரித்துப் போகும். அதனால் கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாக, மற்ற நிறங்கள் மேடாகத் தெரியும். விரலால் தடவினாலே புரியும். ஆனால் பள்ளம் எல்லாக் கறுப்பிலும் ஒரே அளவாக, கத்தரித்த மாதிரி இருந்தால் வேண்டுமென்றே கத்தரித்ததுதான். ஒரே சிவப்பில் பட்டை பட்டையாக நிறம் மாறுவதைப் பார்த்து அழுக்கென்று பயப்பட வேண்டாம். ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த தொட்டி போட்டதால் வருவது. பலர் அதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள்.

ரோமம் தேய்ந்து வெள்ளைப் பாவு தெரிகிற இடங்களில் மார்க்கர் பேனாவால் நிறம் ஏற்றுவது சகஜம். நனைத்த கைக்குட்டையை அங்கே வைத்து உள்ளங்கையால் ஒரு நிமிஷம் அழுத்துங்கள். அதே போலச் சிவப்பு, நீலம், கறுப்பு மூன்றையும் தனித்தனி இடத்தில் பாருங்கள். லேசாகப் பழுப்பு ஒட்டினால் அது தூசி. தெளிவான சிவப்பு ஒட்டினால் முதல் துவைப்பிலேயே அந்தச் சிவப்பு வெள்ளைக்குள் பரவும். வீட்டில் குழந்தை இருந்தால் இதற்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரோமமா, நைலானா, 'ஆர்ட் சில்க்' என்று விற்கும் செயற்கை இழையான விஸ்கோஸா என்ற சந்தேகத்துக்கு ஒரு நூல் போதும். கடைக்காரரிடம் கேட்டு பின்பக்க முனையிலிருந்து ஒரு இழை எடுத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். ரோமமும் அசல் பட்டும் தலைமுடி கருகிய நாற்றம் வீசும், தீயை எடுத்தால் அணையும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் மாதிரி எரியும். பிளாஸ்டிக் இழை உருகி மணியாகக் கெட்டியாகும். 'பட்டுக் கம்பளம்' என்று பெரிய விலை சொன்னால் இந்தத் தீக்குச்சிச் சோதனை கட்டாயம். மறுத்தால் அதுவே பதில்.

கடைசியாகப் பூச்சி. பின்பக்கத்தில், மடிப்புகளில், சோபாவுக்கு அடியில் இருந்த பகுதியில் தேடுங்கள். வெயிலும் நடமாட்டமும் இல்லாத இடம்தான் அந்துக்கு வீடு. மணல் மாதிரி சின்ன உருண்டைகள், வெண்மையான நூலாம்படைக் குழாய், ரோமம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி போய்ப் பாவு அப்படியே நிற்கும் இடம், இவை மூன்றும் அடையாளம். பறக்கும் பூச்சி ஒன்றும் செய்யாது, தின்பது புழுதான். பழைய தாக்குதல் என்றால் ரஃபூவுக்கு விலை குறைக்கலாம். புழு நெளிந்தால் வேண்டாம்.

ஒரு முறை முகர்ந்தும் பாருங்கள். நனைந்தால் ஆட்டு வாடை வருவது ரோமத்தின் இயல்பு. பூனை மூத்திர வாடை போகவே போகாது. அந்த இடத்தில் சாயமும் கெட்டு, பாவும் விறைத்திருக்கும்.

ஜமுக்காளம் வாங்குவோருக்கு

எங்களைக் கேட்டால் இந்தப் பக்கத்து வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது கெட்டியான பழைய பருத்தி ஜமுக்காளம்தான். வெயில் காலத்தில் உடம்பு எரியாது, அந்து வராது, கிணற்றடியில் துவைக்கலாம். பவானி ஜமுக்காளத்துக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. அகலமான நிறப்பட்டைகள், பாவு கண்ணுக்கே தெரியாதபடி நெருக்கிய ஊடை, இதுதான் அதன் முகம். ஊடை தேய்ந்து பாவு வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்திருந்தால் ஆயுள் பாதி போயிற்று. மடித்தே வைத்திருந்த கோடுகளில் முதலில் தேயும், அதனால் மடிப்புத் தடத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஓட்டையாக ஒளி வந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் கிழியும்.

மண்டபப் பெயர், உபயதாரர் பெயர், சில நேரம் வருஷமும் சேர்த்து நெய்திருப்பார்கள். பலர் அந்தப் பக்கத்தை மறைத்து விரிக்கிறார்கள். வருஷம் நெய்திருக்கிற துண்டு, வயசைச் சொல்லும் நல்ல சான்று. அதை வெட்டி எறிய வேண்டாம்.

மண்டப ஜமுக்காளம் வீட்டு ஹாலுக்குப் பெரிதாக இருக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கத்தரிக்கும் முன், வெட்டுகிற கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளி, தலா இரண்டு வரிசை மெஷின் தையல் போடச் சொல்லுங்கள். அதன் பிறகு நடுவில் வெட்டி, முனையைக் காடாத் துணிப் பட்டையால் மூடித் தையுங்கள். தையல் போடாமல் வெட்டினால் ஒரு வாரத்தில் ஊடை ஒவ்வொன்றாக அவிழ்ந்து ஓரடி போய்விடும்.

அளவு, தரை, ஈரம்

12க்கு 15 அடி ஹாலில் சுவரோடு சுவராக விரிக்க வேண்டாம். நாலு பக்கமும் ஓரடியாவது தரை தெரிந்தால்தான் விரிப்பும் தெரியும், பெருக்கவும் முடியும். அங்கே 8க்கு 10 சரியாக இருக்கும், 9க்கு 12 வரை போகலாம். சோபாவின் முன்னங்கால் இரண்டும் கம்பளத்தின் மேல் 6 அங்குலமாவது ஏறி நிற்கட்டும். கதவு திறக்கும் வட்டத்தையும் கதவடியின் இடைவெளியையும் டேப்பால் அளந்துவிட்டுப் போங்கள். பழைய தேக்குக் கதவுக்குக் கீழே பல வீட்டில் அரை அங்குலம்கூட இருக்காது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே பழைய கம்பளம் போடுவது பத்திரிகைப் படத்துக்கு நன்றாக இருக்கும். சாம்பார் ஊற்றும் வீட்டுக்கு ஆகாது.

கைநெசவில் மேல் அகலமும் கீழ் அகலமும் ஓரிரு அங்குலம் வித்தியாசப்படுவது இயல்பு. அதற்கு மேல் போனால் விரித்த பிறகு நடுவில் அலை எழும், கால் தடுக்கும்.

நம் வீடுகளில் கம்பளத்தைக் கொல்வது அந்து அல்ல, மாப்பு. தினமும் பினாயில் தண்ணீரில் தரை துடைக்கிறோம், மாப்பு விளிம்பில் முட்டுகிறது, குஞ்சமும் ஓரமும் தினமும் கொஞ்சம் நனைகிறது. ஒரு வருஷத்தில் குஞ்சம் பழுப்பாகும், மூன்று வருஷத்தில் தொட்டால் உதிரும். துடைக்கும் நாளில் சுருட்டி எடுத்து, தரை முழுக்கக் காய்ந்து அரை மணி கழித்து விரியுங்கள். கடப்பாக் கல் போட்ட பழைய வீட்டில் மழை மாதங்களில் கல்லின் அடியிலிருந்தே ஈரம் ஏறும். இரவில் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டிவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்த அறையில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ரோமக் கம்பளம் வேண்டாம். காவி போட்ட சிமென்ட் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து மெருகேற்றும் வழக்கம் இருந்தால், எண்ணெய் தேய்த்து ஒரு வாரம் விட்டுத்தான் விரிக்க வேண்டும். காவியும் எண்ணெயும் சேர்ந்து வெள்ளைப் பருத்தியில் ஏறினால் இறங்காது.

அடியில் போட ஃபெல்ட்டும் இயற்கை ரப்பரும் சேர்ந்த கால் அங்குல விரிப்பு நல்லது. கம்பளத்தைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் குறைவாக வெட்டுங்கள். மலிவான பி.வி.சி. வலை வேண்டாம், வெயில் காலத்தில் அது தரையில் ஒட்டிக் கறை விடும். கயிற்றுப் பாயை அடியில் போடுகிறவர்களும் உண்டு, அதன் முரட்டு நார் பாவை அறுக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ரோமக் கம்பளம் என்றால் முதல் இரண்டு வாரம் மற்ற கம்பளி, பட்டோடு சேர்க்காமல் தனி அறையில் வையுங்கள். சின்னதாக இருந்தால் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம், எடுத்து ஒரு நாள் கட்டைப் பிரிக்காமல் அறையில். பெரியது என்றால் வேலூர் வெயிலைப் பயன்படுத்தலாம். நன்றாக உலர்ந்த கம்பளத்தைப் பழைய வேட்டியில் தளர்வாகச் சுற்றி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் போர்த்தி மொட்டை மாடியில் வைத்து, நடுவில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். உள்ளே 55 டிகிரி ஏறி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை முதல் எல்லாம் சாகும். தெர்மாமீட்டர் இல்லாமல் 'நல்ல வெயில்தானே' என்று விட்டால் மேல்பக்கம் வெளுத்து, உள்ளே இருக்கும் புழு சுகமாக இருக்கும். வேப்பிலையும் வசம்பும் புதுப் பூச்சி வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், இருப்பதைக் கொல்லாது.

தூசிக்குக் கொடியில் போட்டுத் தடியால் அடிப்பது பழைய பாவை அறுக்கும். சுத்தமான தரையில் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டி, ஒரு மணி நேரம் விட்டு எடுத்தால் கீழே மணல் படுக்கையே இருக்கும். வாக்குவம் போடுவதானால் சுழலும் பிரஷ் இல்லாத முனை.

துவைக்க போர்த் தண்ணீர் வேண்டாம். பாலாற்றுப் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் பிசுக்காக ரோமத்தில் படியும், கம்பளம் காய்ந்ததும் விறைக்கும். கடைசி அலசலுக்காவது மழைத் தண்ணீர். சலவை சோடா ரோமத்துக்கு ஆகாது. பூந்திக்கொட்டை நல்லதுதான், வெள்ளை நிறத்தில் மட்டும் மங்கல் விடும்.

சமையல் மஞ்சளின் கறை பட்டால் சோப்பு போடவே கூடாது, சிவந்துவிடும். ஈரத் துணியால் ஒற்றி, அந்த இடம் மட்டும் தெரிய மற்றதை மூடி, காலை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள், தானே மங்கும். குங்குமம் கொட்டினால் தண்ணீர் தொடாமல் வாக்குவத்தால் எடுங்கள். எண்ணெய்க்கு முகப் பவுடரைக் கொட்டி இரண்டு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

எடுத்து வைக்கும்போது மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். துணியில் சுற்றி, தரையில் படாமல், செங்குத்தாக நிறுத்தாமல் படுக்க வையுங்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்து, சுருட்டும் திசையை மாற்றுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைத்தால் ஒரு விஷயம். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள 100 வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வயசு குறைவு என்றாலும் பழசாகத் தெரிந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையில் காட்டி, இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை வாங்கிக்கொண்ட பிறகே டிக்கெட்டும் பார்சலும்.